வாழைப்பூப் பதக்கம்

மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் மடிப்புக்கோடு மட்டும் போகவே மாட்டேன் என்றது. சாருமதி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் தேய்த்தாள். பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். ஈரம்தான் படர்ந்தது, கோடு அப்படியே நின்றது. ஜிமிக்கித் தட்டை அதன்மேல் வைத்து மறைத்தாள். தட்டு ஓரமாக இருப்பது கண்ணை உறுத்தியது. நடுவுக்கு நகர்த்தினாள், கோடு திரும்ப வந்தது. பக்கத்து மேசையைப் பார்ப்பதில்லை என்று வீட்டில் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள், ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள், இப்போது பார்த்தாள். கனகவல்லி அக்கா மேசைத் துணியே கொண்டுவரவில்லை. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பழைய பட்டுப்புடவையை விரித்திருந்தாள். சரிகை கறுத்துப்போன புடவை. அந்தக் கறுப்புக்கு மேலேதான் சுட்ட மண் நகைகள் அப்படி எடுப்பாகத் தெரிந்தன. நம்மிடமும் பீரோவில் கல்யாணப்புடவை இருக்கிறது, பன்னிரண்டு வருஷமாகப் பூச்சி உருண்டையோடு கிடக்கிறது, அதை எடுத்து விரிக்க ஏன் தோன்றவில்லை. இனி விரித்தால் பார்த்துச் செய்ததாகத்தான் இருக்கும். இனி எதைச் செய்தாலும் பார்த்துச் செய்ததாகத்தான் இருக்கும். மண்டபத்தில் இரண்டு நாளைக்கு முன் நடந்த கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மேடையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தெர்மாகோல் எழுத்துகளில் பாதி பிய்க்கப்பட்டு நின்றன. தில்லைநகரில் எத்தனையோ மண்டபம் இருக்க வருஷாவருஷம் இந்தக் கைவினைக் கண்காட்சிக்கு இதைத்தான் பிடிக்கிறார்கள், ஃபேன் சுற்றினால் சத்தம் வரும், நின்றால் வியர்க்கும். ஒரே மாதிரிச் சரக்கை அடுத்தடுத்து வைத்தால் பார்க்க வருகிறவர்களுக்குச் சௌகரியம் என்று நடத்துகிற பிரபாவதி மேடம் கண்டுபிடித்திருந்தார். யாருக்குச் சௌகரியம்.

“மிஸ், உங்க பக்கம் ப்ளக் வேலை செய்யுதா? இல்லாட்டி இதுல சொருகிக்கோங்க” என்றாள் கனகவல்லி அக்கா. மிஸ். அந்த வார்த்தை. ஐம்பத்து நாலு வயசுக்காரி முப்பத்தொன்பது வயசுக்காரியை மிஸ் என்று கூப்பிடுகிறாள், அதுவும் எல்லார் காதிலும் விழும்படி, சிரித்த முகமாக. மூன்று வருஷத்துக்கு முன் சாருமதியின் வீட்டு மாடியில் நடந்த மூன்று நாள் வகுப்பில் எட்டுப் பெண்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மற்ற ஏழு பேரும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை, ஒருத்தி கடைத்தெருவில் பார்த்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். இவள் மட்டும் விடவில்லை. தொலைபேசி ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பொழுது போகவில்லை மிஸ் என்று ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவோடு மாடிப்படி ஏறி வந்தவள். பொழுது போகாமல் வந்தவளுக்கு இது ஏன் இப்படி வரவேண்டும். நேரில் அக்கா, வாங்க, போங்க. மனசுக்குள் சாருமதி அவளை எப்போதோ அவள் ஆக்கிவிட்டாள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவளைக் கேலி செய்தது நன்றாக நினைவிருக்கிறது. சூளையிலிருந்து, சூளை என்ன சூளை, உமியும் வறட்டியும் போட்டு மூட்டிய இரும்பு வாளி, அதிலிருந்து எடுத்ததில் நாலைந்து பேருடையது விரிசல் விட்டிருந்தது. “உங்க கை சூட்டுக் கைக்கா. மண்ணு தாங்காது. நீங்க வத்தல் வடகம் போடுங்க, சீக்கிரம் காயும்” என்றாள் சாருமதி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை. முகம் சுண்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். விரிசலுக்குக் கை காரணமில்லை என்பது சாருமதிக்கு அப்போதே தெரியும். நிழலில் ஐந்து நாள் காயவேண்டியதை இரண்டாம் நாளே வாளியில் அடுக்கியாயிற்று, வகுப்பு மூன்று நாள் என்று சொல்லியாயிற்று, மறுபடி எல்லாரையும் வரச்சொல்ல முடியாது. மண்ணுக்குள் ஈரம் இருந்தது. ஈரம் இருந்தால் வெடிக்கும். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ. சொல்லியிருந்தால் மட்டும் இவள் பட்டுப்புடவை விரிக்காமல் இருந்திருப்பாளா.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மேடைமேல் போட்டிருந்த தின்பண்டக் கடைக்கு நேராகப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, சாருமதியின் மேசைமுன் நடை தளர்ந்து, கண்ணை ஓட்டி, அடுத்த மேசையில் நின்றார்கள். தளர்வதற்கும் நிற்பதற்கும் நடுவில் இரண்டடி தூரம். அந்த இரண்டடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் பார்க்கக்கூடாது என்றிருந்தாள். பட்டின் நடுவில், நகை மாட்டிவைக்கும் கழுத்துப் பொம்மையில், தனியாக ஒரு பதக்கம். பாதி விரிந்த வாழைப்பூ. தாமரை செய்வார்கள், மயில் செய்வார்கள், மாங்காய் செய்வார்கள், வாழைப்பூவை யார் கழுத்தில் போடுவார்கள். ஆனால் போடலாம்போல இருந்தது. மடல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேல்மடல் மட்டும் தூக்கிக்கொண்டு, அதன் இடுக்கில் சின்னச் சின்னப் பூக்கள் எட்டிப்பார்த்தன. செம்பு நிறம் பூசி, தேய்த்து, ஏறினமாதிரியும் இல்லாமல் போனமாதிரியும் இல்லாமல் விட்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை, வண்ணம் யாரும் அடிப்பார்கள். மடலின் ஓரம்தான். ஓரம் சுருண்டு, சுருண்ட இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வரி ஓடியது. எதால் எடுத்தாள். பல்குத்தும் குச்சி என்றால் வரி இன்னும் தடியாக விழும். பேனா மூடி என்றால் வளையும், சுருளாது. பிளேடு என்றால் அறுக்கும். கண்ணை எடுத்துத் தன் மேசையில் வைத்தாள். தன் மேசையில் நாற்பது ஜிமிக்கி, இருபது பதக்கம், எல்லாம் வரிசை பிசகாமல், எல்லாம் ஒன்றுபோல. ரப்பர் அச்சில் மண்ணை அழுத்தித் தட்டினால் வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வளைகாப்புக்கு மொத்தமாகக் கேட்டபோது வாங்கிய அச்சு. அவசரத்துக்குத்தான் வாங்கினாள். பிறகு அவசரம் போகவே இல்லை.

இன்றைக்குக் கல்லூரியிலிருந்து ஒருவர் வருவார் என்று பிரபாவதி மேடம் போனில் சொல்லி ஒரு மாதமாகிறது. பெண்கள் கல்லூரியில் பத்து நாள் பயிற்சி, பிடித்திருந்தால் வருஷம் பூரா. நம்ம கண்காட்சியில் பார்த்து ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். சாருமதி அந்த ஒரு மாதத்தையும் அதற்குள்ளேயே குடியிருந்து கழித்தாள். கரும்பலகை, நீள மேசைகள், ஐம்பது பெண்கள், நடுவில் அவள் நடக்கிறாள், ஒருத்தியின் கையிலிருந்து மண்ணை வாங்கி, விடுங்க நான் காட்டறேன் என்கிறாள். அந்தப் பழக்கம் அவளுக்கு உண்டு. அடுத்தவர் கையில் ஒன்று கோணலாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பிடுங்கித் திருத்திவிடுவாள். கடைசியில் எல்லாம் மிஸ் செஞ்சதுதான், நாங்க வேடிக்கை பார்த்ததுதான் என்று மாடி வகுப்பில் ஒரு பெண் முனகியது காதில் விழுந்தது. விழட்டும். தெரிந்தவள் திருத்துவாள். தெரிந்தவள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். நேற்று பிரபாவதி மேடம் இரண்டு பேருக்கும் ஒரே செய்தியைத்தான் அனுப்பியிருக்கிறார், கல்லூரி மேடம் காலையில் வருவார், ரெடியாக இருங்கள் என்று. அதைக் காட்டி, “நமக்கெல்லாம் எதுக்கு மிஸ் காலேஜு, நீங்க போனாத்தான் சரி” என்று இவள் சிரிக்கிறாள். போக ஆசை இல்லாதவள் எதற்குப் பட்டை விரிக்கவேண்டும். ஆசை இல்லாமலே எல்லாம் வந்து சேர்கிறவர்களைத்தான் சாருமதியால் சகிக்க முடிவதில்லை. அக்காவின் மகன் பெங்களூரிலிருந்தே விலாச அட்டை அடித்து அனுப்பியிருக்கிறான், போனில் அவளுக்கென்று ஒரு பக்கம், அதில் ஆயிரக்கணக்கில் ஆட்கள். அவளோ யாரையும் வாங்க வாங்க என்று கூப்பிடக்கூட மாட்டேன் என்கிறாள், நாற்காலியில் சாய்ந்து வறுத்த கடலையைத் தோலுரித்துக்கொண்டு வாரப்பத்திரிகை படிக்கிறாள், பாதிக் கடலையை ஒரு காகிதத்தில் கொட்டி இந்தப் பக்கம் நீட்டுகிறாள். சாருமதி வாங்கித் தின்றாள். கடலை நன்றாக இருந்தது. அதுவும் நன்றாக இருந்தது.

பதினொன்றரைக்கு அக்கா எழுந்து முதுகை நிமிர்த்தினாள். மாத்திரை போடணும், மேடைக்கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறேன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ் என்றாள். கண்காட்சியில் இது வழக்கம். ஒருவர் எழுந்துபோனால் பக்கத்துக்கடைக்காரர் இரண்டையும் பார்த்துக்கொள்வார், யாராவது கேட்டால் எடுத்துக்கொடுப்பார், அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவர் இவராகிவிடுவார். எத்தனையோ பேருக்கு சாருமதி அப்படி ஊறுகாய் விற்றிருக்கிறாள், சணல்பை விற்றிருக்கிறாள். நாற்காலியைத் தூக்கி இரண்டு மேசைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் தன் மேசை எப்படியிருக்கிறது என்று தெரிந்தது. மடிப்புக்கோடு இந்தக் கோணத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. நாற்காலி மெதுவாக, அவள் நகர்த்தியதாகவே தோன்றாமல், பட்டுப்புடவைப் பக்கம் நகர்ந்தது. கை நீட்டினால் வாழைப்பூ. நீட்டவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசி ஒன்று நழுவியது, எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு முடியை முறுக்கிச் சொருகினாள். அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கைத்தறிப் புடவை கட்டிய ஒரு பெண்மணி வந்து நின்றார். அட்டையில் கல்லூரிப் பெயர். சாருமதியின் மேசையை அவர் தாண்டி வந்துவிட்டிருந்தார், அதை அவள் கவனிக்கவே இல்லை, ஒரு மாதமாகக் காத்திருந்த ஆள் தன் மேசையைத் தாண்டி நடந்ததைக்கூடப் பார்க்காமல் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு வாழைப்பூவுக்குமுன் குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, “நீங்களே செஞ்சதா?” என்றார். “ஆமா” என்றாள் சாருமதி.

சொல்லும்போது பொய் மாதிரி இல்லை. வாயில் வைத்த வெல்லம் கரைகிறமாதிரி இருந்தது. இந்தக் கடையுடையவங்க சாப்பிடப் போயிருக்காங்க என்றுதான் சொல்லவேண்டும், அந்த வாக்கியம் முழுசாக நாக்கில் இருந்தது, நூறு தடவை சொன்ன வாக்கியம். அதற்குமுன் இது வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். கல்லூரிப் பெண்மணி பேசப்பேச சாருமதி பதில் சொன்னாள். மண் எங்கிருந்து, குளத்து மண்ணும் ஆற்றங்கரை மண்ணும் கலப்பது எப்படி, எத்தனை தடவை சலிப்பது, எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான், எல்லாம் அவளிடமிருந்து போனதுதான், எங்கே பொய். கழுத்து நிமிர்ந்தது. குரல் மாடி வகுப்புக் குரலாயிற்று. இந்த ஓரம் எப்படிம்மா எடுத்தீங்க என்று அவர் கேட்டபோது மட்டும் ஒரு கணம் தடுக்கி, அது கைப்பழக்கம் மேடம் என்று சமாளித்தாள். அவர் தலையாட்டினார், அதுவே பெரிய பதில் மாதிரி. இதை நான் எடுத்துக்கறேன், எங்க துறைத்தலைவிகிட்ட காட்டணும், விலை போடலையே என்றார். பார்த்தால், மற்ற எல்லாவற்றிலும் விலைச்சீட்டு இருக்க, இதில் மட்டும் இல்லை. அக்காவின் மறதி. சாருமதி பதக்கத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள், உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையின் நகத்தால் சுண்டினாள். அதுவும் பழக்கம்தான். விற்கிற எதையும் சுண்டாமல் கொடுத்ததில்லை. நன்றாக வெந்த மண் கணீர் என்னும். இது டொக் என்றது. திருப்பி இன்னொரு இடத்தில் சுண்டினாள். டொக். உள்ளே எங்கோ விரிசல். வெளியே தெரியாது, வண்ணம் மூடியிருக்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதம், வெயிலில் போட்டுக்கொண்டு போகிற நாள் ஒன்றில் மேல்மடல் மட்டும் கழன்று விழும்.

முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. காலையிலிருந்து, காலையிலிருந்து என்ன, மூன்று வருஷமாக எதிர்பார்த்திருந்த ஒரு சத்தம் கையிலேயே கேட்டுவிட்டது. கொடுத்துவிடலாம். கல்லூரியில், துறைத்தலைவி முன்னால், ஐம்பது பெண்கள் முன்னால் உடையட்டும். கனகவல்லியின் வாழைப்பூ, கனகவல்லியின் கை. அங்கே வந்து எண்ணம் இடறியது. கனகவல்லி என்று இவருக்கு யார் சொன்னது. நான் செஞ்சது என்றல்லவா சொல்லியிருக்கிறேன். இரண்டு நிமிஷத்துக்கு முன் அந்த ஆமா சொல்லாமல் இருந்திருந்தால் இந்த டொக்கைக் காகிதத்தில் சுற்றி, பஞ்சு வைத்து, சிரித்துக் கொடுத்திருப்பாள், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இப்போது விரிசல் அவளுடையதாகிவிட்டது. அவள் கையால், அவள் பெயரில் ஒரு விரிசலைக் கொடுத்ததே கிடையாது. அந்த மாடி வகுப்பைத் தவிர. “இதைக் கொடுக்க முடியாது மேடம். உள்ளே விரிசல் இருக்கு” என்றாள். அவருக்குப் பிடிபடவில்லை, எங்கே என்று திருப்பித்திருப்பிப் பார்த்தார். சாருமதி இன்னொரு பதக்கத்தை எடுத்து அதைச் சுண்டினாள், இதைச் சுண்டினாள். அப்போது அவர் முகம் மாறியதைப் பார்க்கவேண்டும். தன் பொருளில் தானே குறை சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். துறைத்தலைவி மேடைக்கடையில்தான் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வருகிறேன், எங்கேயும் போய்விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

பதக்கத்தைக் குப்புறக் கவிழ்த்துப் பட்டின் ஓரத்தில் வைத்தாள். மேடைக்கடையில்தான் அக்காவும் இட்லி சாப்பிடுகிறாள். ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்களோ. பேச்சு வந்திருக்குமோ. என்ன கடை உங்களுது என்று கேட்டால் என்ன சொல்வாள், அவள் எல்லாரிடமும் பேசுவாளே, இட்லி சுடுகிறவளிடம்கூட மருமகள் கதை கேட்டுக்கொண்டு நிற்பாளே. நாற்காலியைத் தன் மேசைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அது குற்றம் செய்தவள் மாதிரி இருக்கிறது என்று நடுவிலேயே போட்டாள். வேறு ஒரு வழி இருக்கிறது. அக்கா வந்ததும், கல்லூரியிலிருந்து வந்தாங்கக்கா, உங்க வாழைப்பூவைப் பாத்தாங்க, விரிசல் இருந்தது, நல்லவேளை நான் பாத்தேன், உங்க பேரைக் காப்பாத்தினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது. எல்லாம் நடந்ததுதான். ஒரு ஆமா மட்டும் விட்டுப்போகிறது. விட்டுப்போனது திரும்பி வருமே, துறைத்தலைவியோடு நேராக நடந்து வருமே. அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கையில் இலையில் மடித்த எதையோ வைத்திருந்தாள், உங்களுக்கு ரெண்டு இட்லி மிஸ், சூடா இருக்கு என்றாள். பிறகுதான் காலிக் கழுத்துப் பொம்மையைப் பார்த்தாள். என்ன மிஸ், பூவை எடுத்து வெச்சிட்டீங்க என்றாள். சாருமதிக்குக் குரல் நன்றாகவே வந்தது. விரிசல்க்கா, கேட்டாங்க, சுண்டிப் பார்த்தேன், நீங்க பாக்கல போலிருக்கு. கடைசிச் சொற்களை மெதுவாகச் சொன்னாள். அவை இறங்கும் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று பார்த்தாள்.

“தெரியுமே மிஸ்” என்றாள் அக்கா. “அதான் விலை போடல. உங்க வீட்டு மாடியில வாளியிலேருந்து எடுக்கும்போதே டொக்குன்னுது. நீங்க சுண்டிட்டுத் தூக்கிப் போடச் சொன்னீங்க, ஞாபகம் இல்லையா? எனக்கு மனசு வரல. வண்ணத்த மட்டும் போன மாசம் மாத்தி அடிச்சேன்.” இட்லிப் பொட்டலத்தை வெள்ளைத் துணிமேல், சரியாக அந்த மடிப்புக்கோட்டின்மேல் வைத்தாள். “நான் எங்க செஞ்சேன். நான் உருட்டிக் குடுத்தது கத்திரிக்கா மாதிரி இருந்துச்சு. நீங்கதானே பிடுங்கி, தலையிலேருந்து கொண்டை ஊசிய எடுத்து ஓரம் பூரா எடுத்துவிட்டீங்க. நான் பக்கத்துல வாயப் பொளந்துகிட்டு நின்னேன்.” சாருமதி குனிந்து பதக்கத்தைத் திருப்பினாள். மடல். ஓரம். சுருண்ட இடத்தில் மயிரிழை. ஊசியின் இரண்டு காலும் ஒட்டியிருக்கும் முனையை உள்ளிருந்து வெளியே இழுத்தால் அப்படி வரும். வலதுகைச் சுருள், கடைசியில் சற்றே மேலே தூக்கி விடுகிற அவசரம். விரல்கள் அதைக் காற்றில் ஒருதரம் செய்து பார்த்தன, செய்ததும் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து இதைத்தான் எதால் எடுத்தாள், எதால் எடுத்தாள் என்று வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊசி தலையில்தான் இருந்தது. பல்லில் கடித்துக்கூடப் பார்த்தாயிற்று.

இதில் மகிழ்ந்திருக்கலாம். அந்த ஆமா பொய்யே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் மகிழ்ச்சி வருவதற்குள் கல்லூரிப் பெண்மணி துறைத்தலைவியோடு வந்துவிட்டார். சாருமதியை நோக்கிக் கைநீட்டி, இவங்கதான் மேடம், இந்த வாழைப்பூ இவங்க செஞ்சது, சொன்னேனே என்றார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தது கனகவல்லியின் மேசைமுன், விரிந்துகிடந்தது கனகவல்லியின் பட்டுப்புடவை. சாருமதி பக்கவாட்டில் பார்த்தாள். இப்போது சொல்லட்டும். இது என் கடைங்க, அவங்க சும்மா பாத்துக்கிட்டாங்க என்று சொல்லட்டும், சொன்னால் திருப்பிச் சொல்ல ஆயிரம் இருக்கிறது, ஊசி இருக்கிறது, விரல் இருக்கிறது, யார் யாரிடம் கற்றார்கள் என்பது இருக்கிறது, சண்டை போட்டு இதைத் தன்னுடையது என்று நிறுத்திவிட முடியும். நெஞ்சு தயாராக இருந்தது. அக்கா துறைத்தலைவிக்குக் கும்பிடு போட்டாள். “ஆமாங்க, மிஸ் செஞ்சதுதான். நான் வண்ணம் மட்டுந்தான். எனக்கும் இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. நல்லாச் சொல்லித் தருவாங்க” என்றாள். அந்த முகத்தில் எங்காவது ஒரு ஓரத்தில் கேலி இருக்கிறதா என்று சாருமதி தேடினாள், வத்தல் வடகத்துக்குப் பதில் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கொஞ்சம் இட்லி மிளகாய்ப்பொடி மட்டும் உதட்டோரம் ஒட்டியிருந்தது. இதையும் அவள்தான் கொடுக்கவேண்டியிருந்தது. சாருமதியின் கையை சாருமதிக்கே அவள்தான் எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது, கடலையை நீட்டுகிற அதே மாதிரி, படிக்கிற பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் நீட்டுகிறமாதிரி.

வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கல்லூரிக்கு வரமுடியுமா என்று துறைத்தலைவி கேட்டார். வருகிறேன் என்றாள். பெயரை எழுதிக்கொண்டார்கள், போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் துறைத்தலைவி பட்டுப்புடவைமேல் இருந்த தோடு ஒன்றைக் கையில் எடுத்து இது யாருடையது என்றார். அது என்னுதுங்க என்றாள் அக்கா. இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டார்கள். போகும்போது சாருமதியின் மேசைப்பக்கம் ஒருமுறை திரும்பி, இட்லிப் பொட்டலத்தைப் பார்த்து, சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஃபேன் சத்தம் போட்டது. அக்கா வாழைப்பூவைப் பழையபடி கழுத்துப் பொம்மையில் மாட்டி, இதை நீங்களே வெச்சுக்கோங்க மிஸ், திங்கக்கிழமை காட்ட ஆகும் என்றாள். இருக்கட்டும்க்கா என்றாள் சாருமதி. தன் நாற்காலியைத் தன் மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். எதிரே நாற்பது ஜிமிக்கி, இருபது பதக்கம். ஒரு ஜிமிக்கியை எடுத்து நகத்தால் சுண்டினாள். கணீர் என்றது. அடுத்ததைச் சுண்டினாள். கணீர். ஐந்து நாள் நிழலில் காயவிட்டு, ஆறாம் நாள் சுட்டவை. ஒவ்வொன்றாக எடுத்து, சுண்டி, கேட்டு, வரிசை பிசகாமல் வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றில்கூட விரிசல் இல்லை.